கடல் கடந்து விலைபோன கப்பல்

பழைய பொருள் என்றவுடனே விலை பேசி அனுப்பிவிடத் துடிக்கும் காலம் இது. பாட்டனார் வைத்துப்போன மரப்பெட்டிக்கே வீட்டில் இடமில்லை என்றால், பழைய மரக்கலத்திற்கு எங்கே இடம் இருக்கப் போகிறது?

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் சென்று, கடற்கரைச் சாலையை நோக்கித் திரும்புவோர் பக்கிங்காம் கால்வாயைக் கடந்தே செல்ல வேண்டும். 1877-78-ல், கொடிய பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு வேலையளிக்கும் பொருட்டு, அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டப்பட்ட பகுதியும் இக்கால்வாயில் அடங்கும். விறகும் உப்பும் ஏற்றிய மரப்படகுகள் ஒருகாலத்தில் இவ்வழியே சென்னைக்கு வந்தன. அப்படகுகள் மறைந்தன. அவற்றைக் கட்டிய தச்சர்கள் யாரென்று விசாரிப்பாரும் இலர்.

நம் தச்சர்களின் கைவேலையை நாம் மறந்தாலும், அதனைத் தேடி வந்து விலை கொடுத்தவர் உண்டு. இலங்கையின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறையில் 1930-ல் 'அன்னபூரணி' என்னும் கப்பல் கட்டப்பட்டது. நீளம் 89 அடி, பாய்மரங்கள் இரண்டு. அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதனை விலைக்கு வாங்கினார். அவர் கப்பலை அறியாதவர் அல்லர். 32 அடி நீளமுள்ள சிறு படகில் 1928 முதல் 1931 வரை உலகையே சுற்றி வந்தவர். கப்பல் கட்டும் தொழிலிலும் ஈடுபட்டவர். அத்தகையவர் தமிழ்த் தச்சரின் கைவேலையை நம்பிப் பணம் கொடுத்தார் என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் அக்கப்பலைச் செலுத்தினர். சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர் ஆகியவற்றைக் கடந்து, அட்லாண்டிக் பெருங்கடலையும் தாண்டி, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தனர். 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்ற புதுப்பெயரும் அதற்கு அமைந்தது.

மரக்கலம் இவ்வளவு தொலைவு தாங்குவது எவ்வாறு? பலகைக்கும் பலகைக்கும் இடையே பஞ்சுத் திரியைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசுவர். இதற்குக் கலப்பற்று என்று பெயர். கலம் நீரில் இறங்கியதும் பலகை ஊறிப் பருத்து, மூட்டுகள் இறுகிவிடும். உழைக்காமல் கரையில் நெடுநாள் கிடந்தாலோ பலகை உலர்ந்து, மூட்டுகள் வாய் திறக்கும். கடலில் மரத்தைத் துளைக்கும் புழு ஒன்றும் உண்டு. அது நுழையும் துளை ஊசிமுனை அளவே இருக்கும். உள்ளேயோ தேன்கூடு போலக் குடைந்திருக்கும். ஆகவே, பழைய மரப்படகு விலைக்கு வந்தால், விவரம் அறிந்தவர் புதுச் சாயத்தைப் பார்த்து மயங்குவதில்லை. சிறு சுத்தியலால் பலகையைத் தட்டிப் பார்ப்பர். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும்; உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும்.

அன்னபூரணியை விற்றதில் குற்றமில்லை. கப்பல் விற்பதற்கும் வாங்குவதற்கும் உரிய பொருளே. கட்டத் தெரிந்த கை இருக்கும்வரை, ஒன்று போனால் மற்றொன்று எழும். அந்தக் கை ஓய்ந்து, அதன் அறிவைப் பெற்றுக்கொள்ள ஒருவரும் முன்வராதபோதுதான் இழப்பு நேருகிறது. எத்தனை பணம் கொடுத்தாலும் அதனைத் திரும்ப வாங்க இயலாது.

தூத்துக்குடித் தோணிகள் பிற்காலத்தில் இயந்திரம் பொருத்திக்கொண்டு மாலத்தீவு வரை சரக்கு ஏற்றிச் சென்றவை. தென்கரையிலிருந்து வந்து தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் குடியமர்ந்த குடும்பங்களில், தோணித் தொழிலை அறிந்த பெரியவர்கள் இருக்கக்கூடும். கொத்து வேலையோ, நெசவோ, வைத்தியமோ அறிந்த முதியோர் மற்ற இல்லங்களிலும் இருப்பர். பெற்றோரே, விடுமுறை நாளில் பிள்ளைகளை அவர்கள் அருகில் அமரச் செய்யுங்கள். கருவிகளின் பெயர்களைக் கேட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். இயன்றால் உளியைக் கையில் எடுத்துப் பழகவும் விடுங்கள். பிள்ளை அத்தொழிலையே மேற்கொள்ள வேண்டும் என்பதில்லை. தாத்தாவின் கை எதைச் செய்ய வல்லது என்று அறிந்து வளர்ந்தால், அவர் விட்டுச்செல்லும் மரப்பெட்டிக்கு விலை பேசும் முன் சற்றே தயங்குவான் அல்லவா?