ஐரோப்பாவின் படைபலம் யாருடைய பலம்?

ஐரோப்பா பலவீனமாய்ப் போய்விட்டது என்றும், அமெரிக்கா கைவிட்டால் ருஷ்யா அதை விழுங்கிவிடும் என்றும் ஒரு சாரார் எழுதியும் பேசியும் வருகின்றனர். உலகத்திற்கே நாகரிகம் கற்பித்த ஐரோப்பாவை யாரால் அசைக்க முடியும் என்று மற்றொரு சாரார் மார்தட்டுகின்றனர். பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக இவ்விரண்டில் எதையும் நம்பிவிடாமல், கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பதே அறிவுடையோர் செய்யத்தக்கது.

முதலில் பணத்தை எடுத்துக்கொள்ளுவோம். ஸ்டாக்ஹோமிலுள்ள சமாதான ஆராய்ச்சி ஸ்தாபனத்தாரின் கணக்குப்படி, 2024ஆம் வருஷத்தில் நேட்டோவைச் சேர்ந்த ஐரோப்பிய நாடுகள் மாத்திரம் ராணுவத்திற்குச் செலவிட்டது 45,400 கோடி டாலர். அதே வருஷத்தில் ருஷ்யா செலவிட்டது சுமார் 14,900 கோடி. சீனா சுமார் 31,400 கோடி. அமெரிக்கா 99,700 கோடி. ருஷ்யாவில் கூலியும் சாமான்களும் மலிவாகையால் அங்கு ஒரு டாலருக்கு அதிக வேலை நடக்குமென்பதும், அதைச் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் பெரிதும் குறைந்துவிடுமென்பதும் வாஸ்தவமே. ஆனாலும் ஐரோப்பாவைக் கையாலாகாத ஏழை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆள்பலமோ என்றால், ஐரோப்பிய யூனியனின் 27 நாடுகளில் சுமார் 45 கோடி ஜனங்கள். ருஷ்யாவில் 15 கோடிக்கும் குறைவு. நீர்மூழ்கிக் கப்பலும் போர் விமானமும் செய்யத் தெரிந்த தொழிலாளிகள் அங்கு உண்டு. பிரான்சிடமும் பிரிட்டனிடமும் அணுகுண்டும் உண்டு.

இவ்வளவும் இருந்தும் பயம் ஏன்? ஐரோப்பாவின் படை என்பதாக ஒரு படை இல்லாததுதான் காரணம். இருப்பதெல்லாம் பிரஞ்சுப் படை, ஜெர்மன் படை, போலந்துப் படை என்று வீட்டுக்கு வீடு ஒரு அடுப்பு. அமெரிக்கா ஒரே வகை டாங்கியை வைத்திருக்க, ஐரோப்பிய நாடுகள் 17 வகை வைத்திருந்ததாக ஐரோப்பியக் கமிஷனே 2017இல் எடுத்துக் காட்டிற்று. போர் விமானத்தைப் பாருங்கள். பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் ஆகிய நாடுகள் கூடி ஒன்று செய்யப் போக, பிரான்சு 1985இல் விலகித் தனியாக ரபேல் செய்துகொண்டது. ஸ்வீடன் தனக்கென்று வேறொன்று செய்துகொண்டது. 2023 மார்ச்சில், பன்னிரண்டு மாதத்திற்குள் உக்ரேனுக்குப் பத்து லட்சம் பீரங்கிக் குண்டுகள் தருவதாக யூனியன் வாக்களித்தது. கெடு வந்தபோது போய்ச் சேர்ந்தது ஏறக்குறையப் பாதிதான்! பணம் இருந்தும் பண்டம் இல்லை.

இந்த வியாதிக்கு மருந்து தெரியாமலும் போய்விடவில்லை. எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒரே படை வேண்டுமென்று 1950இல் யோசனை சொன்னவர் பிரஞ்சு முதன்மந்திரி பிளவென். 1952இல் ஆறு நாடுகள் அதற்குக் கையெழுத்தும் போட்டன. அதைக் கொன்றதும் பிரான்சேதான். 1954 ஆகஸ்டு 30ந் தேதி பிரஞ்சுப் பார்லிமெண்டு அந்த ஒப்பந்தத்தைத் தள்ளிவிட்டது. “என் கொடி, என் தளகர்த்தன்” என்கிற அபிமானத்திற்கு முன் புத்தி நிற்கவில்லை.

ஆகவே காவல் வேலை அமெரிக்காவிடம் போயிற்று. 2011இல் லிபியாவின் மேல் விமானத் தாக்குதல் நடந்தபோது, ஆகாயத்தில் எண்ணெய் நிரப்பும் விமானங்களுக்கு அமெரிக்காவையே ஐரோப்பியர்கள் பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. சில வாரங்களில் அவர்களுடைய குண்டுகளும் குறைந்து போயின. 2025 மார்ச்சில் அமெரிக்கா உக்ரேனுக்கு ஆயுத உதவியையும் உளவுத் தகவலையும் சில நாட்கள் நிறுத்தி வைத்தவுடன், ஐரோப்பியத் தலைநகரங்கள் அத்தனையும் நடுங்கின. காவல்காரன் கோபித்துக்கொண்டால் வீட்டுக்காரன் தூங்க முடியாது என்கிற நிலைமைக்குப் பெயர் பலமா என்று கேட்கின்றோம்.

அன்றி, பழைய காலத்துப் பலமாவது ஐரோப்பாவின் சொந்தப் பலமா? முதல் உலக யுத்தத்தில் இந்தியாவிலிருந்து மாத்திரம் பத்து லட்சம் பேருக்கு மேல் கடல் கடந்து அனுப்பப்பட்டார்கள். ஆப்பிரிக்க மக்கள் பிரஞ்சுக் கொடியின் கீழ் மடிந்தார்கள். குடியேற்ற நாடுகள் கைநழுவத் தொடங்கிய பிறகு என்ன ஆயிற்று? 1956இல் பிரிட்டனும் பிரான்சும் சூயஸ் கால்வாயைப் பிடிக்கப் படை அனுப்பின. அமெரிக்கா பவுன் நாணயத்தின் கழுத்தைப் பிடித்தவுடன் படையைத் திருப்பிக்கொண்டன. முன்பு அடிமைகளின் தோள். பின்பு அமெரிக்காவின் தோள். சொந்தக் காலில் நிற்பது எப்போது?

இப்போது விழித்துக்கொண்டோம் என்கிறார்கள். 2025 ஜூனில் ஹேக் நகரில் கூடிய நேட்டோ நாடுகள், 2035க்குள் தேச வருமானத்தில் 100க்கு 5 பங்கைப் பாதுகாப்பிற்கு ஒதுக்குவதென்று தீர்மானித்தன. இதில் மூன்றரைப் பங்கு நேரே ராணுவத்திற்கு. 2022 பிப்ரவரி 24ந் தேதி ருஷ்யப் படை நுழைந்த பிறகு, “ஆயுதமே வேண்டாம்” என்று உக்ரேன் குடியானவனிடம் போய்ச் சொல்ல நமக்கு வாயில்லை. தற்காப்பு வேண்டியதுதான். ஆனால் இந்தப் பணம் யாருடையது?

டென்மார்க்கைப் பாருங்கள். ராணுவச் செலவுக்குப் பணம் தேட வேண்டுமென்று, 1686ஆம் வருஷம் முதல் இருந்துவந்த பிரார்த்தனைத் திருநாளின் விடுமுறையை 2023இல் சட்டம் செய்து ரத்துச் செய்துவிட்டார்கள். பிரார்த்தனையால் நாடு காக்கப்படாதென்று சர்க்காரே ஒப்புக்கொண்டதில் நமக்குச் சந்தோஷமே! ஆனால் போனது பாதிரியின் நாளா, தொழிலாளியின் ஓய்வு நாளா? தொழிற்சங்கத்தார் தெருவில் இறங்கிக் கத்தியும் பயனில்லை. பிரிட்டனோ 2025இல், ஏழை நாடுகளுக்குக் கொடுத்துவந்த உதவியை வருமானத்தில் 100க்கு 0.5லிருந்து 0.3ஆகக் குறைத்து, அதை ராணுவத்திற்குத் திருப்புவதாக அறிவித்தது. ஆக, ஓய்வை இழப்பவன் உள்ளூர்த் தொழிலாளி. மருந்தை இழப்பவன் அயலூர் ஏழை.

இவ்வளவையும் பறித்துச் சேர்க்கும் பணத்தைக் கொண்டு, மறுபடியும் நாட்டுக்கு நாடு தனித்தனி டாங்கியும் தனித்தனி விமானமும் வாங்கி, மிச்சத்தை அமெரிக்க ஆயுதக் கம்பெனிகளுக்குக் கட்டுவதானால், 5 பங்கு அல்ல, 50 பங்கு கொட்டினாலும் பயம் தீரப்போவதில்லை. ஓட்டைக் குடத்திற்கு வேண்டியது அடைப்பேயொழிய அதிகத் தண்ணீரல்ல.

ஆதலால் ஐரோப்பியப் பொதுமக்கள் தங்கள் மந்திரிகளிடம் “எவ்வளவு கொட்டப் போகிறீர்கள்?” என்று மட்டும் கேட்டால் போதாது. “ஒன்றாய்ச் சேர்ந்து வாங்குவீர்களா? யார் தோளிலிருந்து எடுப்பீர்கள்? எந்த யுத்தத்திற்கு அனுப்புவது என்று தீர்மானிப்பவர் யார்?” என்று கேட்க வேண்டும். அக்கேள்விகளுக்குப் பதில் வாங்காதவரை, அங்கு பீரங்கி பெருகும்; பலம் பெருகாது என்பதே நமது அபிப்பிராயமாகும்.