கூட ஆடியவர்



இது விளையாட்டுச் சிறப்பிதழ். உலகக் கோப்பை வென்றவர்களும் ஏலத்தில் கோடிகளுக்குப் போனவர்களும் அடுத்தடுத்த பக்கங்களில் வரிசையாக வருகிறார்கள். அவர்களைப் பற்றி நானும் எழுத வேண்டியதில்லை. என் பக்கத்தை, ஆட்டத்துக்காகச் சம்பளம் எதுவும் வாங்காத ஒரு கிளப் ஆட்டக்காரருக்குக் கொடுக்கிறேன். பெயர் மார்க் பிங்கம். சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் ‘ஃபாக்’ ரக்பி கிளப்பைச் சேர்ந்தவர்.

சிலருக்கு இந்தப் பெயர் நினைவிருக்கலாம். 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் ஒன்று மட்டும் குறி வைத்த இடத்தை எட்டாமல் பென்சில்வேனியாவின் திறந்தவெளியில் விழுந்ததே, அந்த யுனைடெட் 93-இல் பயணித்தவர். உலகம் எழுதியது பெரும்பாலும் அவருடைய கடைசி அரை மணி நேரத்தைத்தான். கூட ஆடியவர்களுக்கு அதற்கு முந்தைய மார்க்கைத் தெரியும். எனக்கும் அந்த மார்க்கைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது.

ஆட்டத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். ரக்பியில் பந்தைக் கையால் முன்னே எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோ வருகிறவருக்குத்தான் கொடுக்க வேண்டும். பந்தோடு ஓடுகிறவர், தனக்குப் பின்னால் யாரோ ஓடி வருகிறார் என்று நம்பித்தான் ஓட முடியும். ‘ஸ்க்ரம்’ என்று ஒன்று உண்டு. இரண்டு அணியிலும் எட்டு எட்டுப் பேர் தோளோடு தோள் பிணைத்து, தலையைத் தாழ்த்தி, ஒருவரை ஒருவர் நெட்டித் தள்ளுவார்கள். அந்தப் பிணைப்பில் ஒருவர் ஏமாற்றினால் பக்கத்தில் இருப்பவரின் கழுத்துக்கு ஆபத்து. 1995 ஆகஸ்ட் வரை ரக்பி யூனியனில் பணம் வாங்கிக்கொண்டு ஆடவே விதி இடம் தரவில்லை. இன்றும் உலகெங்கும் பெரும்பாலான கிளப்புகளில் வேலைக்குப் போய்விட்டு வந்து மாலையில் பயிற்சி எடுப்பவர்கள்தான் ஆடுகிறார்கள். அடிபட்டால் மருத்துவச் செலவும் பல இடங்களில் சொந்தப் பையிலிருந்துதான்!

மார்க் 1970-இல் பிறந்தார். விமானப் பணிப்பெண்ணாக இருந்த அம்மா ஆலிஸ் ஹோக்லண்ட் தனியாளாக வளர்த்த பிள்ளை. ஆறடியைத் தாண்டிய உயரம், அதற்கேற்ற உடம்பு. பள்ளியில் தொடங்கிய ரக்பி, பெர்க்லி பல்கலைக்கழகம் வரை வந்தது. ஜாக் கிளார்க் பயிற்சியளித்த அந்தப் பல்கலைக்கழக அணி 90-களின் தொடக்கத்தில் தேசிய சாம்பியன் பட்டங்களை வென்றபோது மார்க்கும் அதில் இருந்தார். படிப்பு முடிந்து, மக்கள் தொடர்புத் துறையில் சொந்தமாக ஒரு நிறுவனம் நடத்தினார்.

அவர் தன்பாலின ஈர்ப்பாளர். கல்லூரி நாட்களில் அணியில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. பல வருடம் ஒன்றாக வியர்வை சிந்திய நண்பர்களுக்கு, ஒருவனுடைய பாதி வாழ்க்கை தெரியாமலே போயிருக்கிறது.

2000-இல் ஃபாக் கிளப் தொடங்கியது. தன்பாலின ஈர்ப்பாளர்கள், வெள்ளையர் அல்லாதவர்கள், ரக்பி மைதானத்தில் வழக்கமாகக் காண முடியாத எல்லாரும் வரலாம் என்று கதவைத் திறந்து வைத்த அணி. சேர்ந்தவர்களில் பலர் அதுவரை ரக்பி பந்தைத் தொட்டதே இல்லை. பள்ளியில் அணி பிரிக்கும்போது கடைசிவரை யாரும் கூப்பிடாமல் நின்ற பிள்ளைகள், வளர்ந்து முப்பது வயதில் முதன்முதலாக ஓர் அணிச் சட்டையைப் போடுவதைக் கற்பனை செய்துபாருங்கள். அந்த இடத்துக்குத்தான் தேசிய சாம்பியன் அணியில் ஆடிய மார்க் வந்து சேர்ந்தார். தன் தரத்துக்கு ஏற்ற கிளப்பைத் தேடிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் புதியவர்களோடு ஸ்க்ரம்மில் தோள் கொடுத்தார். விமானச் சம்பவத்தை விடுங்கள், இது ஒன்றுக்கே ஒரு பக்கம் எழுதலாம் என்பது என் கட்சி.

2001 கோடையில் வட கலிஃபோர்னியா ரக்பி சங்கம் ஃபாக்கை நிரந்தர உறுப்பினராக ஏற்றது. அந்தச் சந்தோஷத்தில் மார்க் அணியினருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். பின்னாளில் அது பலமுறை அச்சேறியது. சாரம் இதுதான்: பதினாறு வயதில் ஆடத் தொடங்கியபோது, உண்மை தெரிந்தால் எல்லாரும் ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்திருந்தேன், இந்த ஒரு வருடம் உங்களோடு ஓடி ஆடியதில்தான் ஒட்டாமல் கிடந்த இரண்டு உலகங்கள் எனக்கு ஒன்றாயின, நம்மைப் போன்றவர்கள் எல்லா அணிகளிலும் எல்லா வகுப்புகளிலும் எப்போதும் இருந்திருக்கிறார்கள் என்று மற்ற அணிகளுக்குக் காட்ட இது நல்ல வாய்ப்பு. புது நண்பர்களைப் பிடிப்போம், சில ஆட்டங்களை ஜெயிப்போம் என்று முடித்திருந்தார். ‘எல்லா ஆட்டங்களையும்’ என்று எழுதவில்லை, ‘சில’ என்றுதான் எழுதினார்! தன் அணியின் பலம் அறிந்தவர்.

சில வாரங்களில் செப்டம்பர் 11, அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. நண்பர் ஒருவரின் திருமணத்துக்காகக் கலிஃபோர்னியா திரும்பிக்கொண்டிருந்தார். நியூவர்க் விமான நிலையத்துக்குத் தாமதமாக வந்து, கதவு மூடும் தறுவாயில் ஓடி ஏறியவர். விமானம் கடத்தப்பட்ட பிறகு அம்மாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். மற்ற விமானங்களுக்கு என்ன ஆயிற்று என்று தொலைபேசி வழியே அறிந்துகொண்ட பயணிகள் எதிர்த்து எழுந்தார்கள். காலை 10:03-க்கு விமானம் தரையில் மோதியது. பயணிகளும் ஊழியர்களுமாக 40 பேர் இறந்தார்கள். யார் முன்னே பாய்ந்தார், யார் பின்னே நின்றார் என்று பிரித்துப் பெருமை கொடுக்கும் பேச்சில் எனக்கு விருப்பமில்லை. அது ஓர் அணியின் வேலை. பெர்க்லியில் நடந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்த செனட்டர் ஜான் மெக்கெயின், தன் உயிருக்கே மார்க்கிடம் கடன்பட்டிருக்கலாம் என்றார். விமானத்தின் குறி அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடமாக இருந்திருக்கலாம் என்று கருதப்பட்டது.

ரக்பிக்காரர்கள் துக்கத்தையும் கோப்பையாக மாற்றுகிறவர்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் மோதும் கல்கத்தா கோப்பை நம் ஊர் வெள்ளி. கல்கத்தாவில் இயங்கிய ரக்பி கிளப் ஆள் குறைந்து கலைந்தபோது, வங்கியில் மிஞ்சியிருந்த ரூபாய் நாணயங்களை எடுத்து உருக்கி, நாகம் வளைந்த கைப்பிடிகளும் மூடியில் யானையுமாக ஒரு கோப்பை செய்து 1878-இல் இங்கிலாந்து சங்கத்துக்குக் கொடுத்தார்கள். கிளப் போய்விட்டது, கோப்பை ஆடுகிறது.

ஃபாக் அணியினரும் நண்பனுக்குச் சிலை கேட்கவில்லை. 2002 ஜூனில் தங்கள் நகரத்தில் அவர் பெயரில் ஒரு போட்டி வைத்தார்கள். முதல் பிங்கம் கோப்பையை ஃபாக்கே வென்றது. அன்றிலிருந்து லண்டன், நியூயார்க், டப்ளின், மான்செஸ்டர், ஆம்ஸ்டர்டாம் என்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊர் ஊராகப் போகிறது. கொரோனா காலத்தில் மட்டும் இடைவெளி விழுந்தது. 2024-இல் ரோமில் நடந்தது. வருகிறவர்கள் எல்லாரும் அமெச்சூர்கள், சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வருகிறவர்கள். 2014-இல் சிட்னியில் நடந்தபோது, அதையொட்டி ஆஸ்திரேலியாவின் கிரிக்கெட், கால்பந்து, ரக்பி அமைப்புகளின் தலைவர்கள், தன்பாலின ஈர்ப்பாளர்கள் மீதான வெறுப்பைத் தங்கள் ஆட்டங்களிலிருந்து நீக்குவோம் என்று கையெழுத்திட்டார்கள். ‘சில ஆட்டங்களை ஜெயிப்போம்’ என்ற மின்னஞ்சல் போய்ச் சேர்ந்த தூரம் அவ்வளவு.

ஆலிஸ் அம்மா 2020 டிசம்பரில் காலமாகும் வரை இந்தப் போட்டிகளுக்குத் துணையாக இருந்தார். மகனோடு ஆடியவர்களும், மகனைப் பார்த்தே இராதவர்களும் அவரைச் சொந்த அம்மா போலக் கொண்டாடினார்கள்.

இனி உங்கள் முறை. நம் ஊர்களிலும் கபடிக் குழு, வாலிபால் குழு, தெரு கிரிக்கெட் அணி என்று எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் கோப்பை வாங்கியவரைப் பற்றி வேண்டாம். தன் ஆட்டத்துக்குக் குறைந்த அணி என்று தெரிந்தும் விட்டுப் போகாமல் நின்றவர், புதிதாக வந்த பையனுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவர், யாரும் சேர்த்துக்கொள்ளாத ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தவர் – அப்படிக் கூட ஆடிய ஒருவரைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள். அவர் இருக்கும்போதே எழுதுங்கள். அடுத்த இதழில் இந்தப் பக்கம் உங்களுக்கு.

அன்புடன்,
ஆசிரியர்