பணம் அம்மாவுக்கு... ஓ.டி.பி யாருக்கு?

“உங்க போனுக்கு ஒரு ஓ.டி.பி வந்திருக்கும், சொல்லுங்கம்மா!”

இ-சேவை மையத்தில் இப்படிக் கேட்டதும், பல பெண்கள் வீட்டுக்காரருக்கு போன் போடச் சொல்வார்கள். அவர் வயலில் இருப்பார். இல்லையென்றால் வெளியூரில் வேலையில் இருப்பார். அவர் எடுத்துப் பார்ப்பதற்குள் ஓ.டி.பி காலாவதி. அன்றைய கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு.

‘வீட்டுல போன் இருக்கு’ என்பதும் ‘என்கிட்ட போன் இருக்கு’ என்பதும் ஒன்றல்ல. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தாங்களே பயன்படுத்தும் மொபைல் வைத்திருக்கும் இந்தியப் பெண்கள் 54 சதவிகிதம். கிராமங்களில் இது பாதிக்கும் குறைவு. இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள், கிராமத்துப் பெண்களில் நான்கில் ஒருவர்தான். கிராமத்து ஆண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர்.

இதனால் என்ன நஷ்டம்?

ரேஷன் கடை வரிசையில் நிற்பது அம்மா. வாங்கிய பொருள்களின் பட்டியல் எஸ்.எம்.எஸ்-ஆகப் போவது, குடும்ப அட்டையில் பதிவான எண்ணுக்கு. வாங்காத சர்க்கரைக்கு பில் விழுந்திருந்தாலும் அவருக்குத் தெரியாது.

மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் அம்மாவின் கணக்குக்கே வருகிறது. ஆனால், பேங்க்கில் கொடுத்திருப்பது கணவர் அல்லது மகனின் எண் என்றால், பணம் வந்த தகவல் அவர்களுக்குத்தான் போகும். எடுத்த தகவலும் அப்படியே.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண், சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடலாம். அப்புறம் ஓ.டி.பி போவது முன்பின் தெரியாதவருக்கு.

இதைச் சரிசெய்ய ஸ்மார்ட்போன் தேவையில்லை. எஸ்.எம்.எஸ் வரும் பட்டன் போனும், சொந்த எண்ணும் போதும்.

* ஆதார்: பழைய எண் கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆதார் மையத்துக்கு நேரில் போய், கைரேகை வைத்துப் புதிய எண்ணைச் சேர்க்கலாம். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் சேவை மூலம் தபால்காரரும் வீட்டுக்கே வந்து செய்து தருவார். கட்டணம் உண்டு.

* பேங்க்: பாஸ்புக், ஆதாருடன் கிளைக்குப் போய் எண் மாற்றும் படிவம் கொடுக்க வேண்டும்.

* குடும்ப அட்டை: வட்ட வழங்கல் அலுவலகத்தில் எண்ணை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

எண் கைக்கு வந்த பிறகு ஒரு எச்சரிக்கை. ‘பேங்க்ல இருந்து பேசறோம்’ என்று யார் கேட்டாலும் ஓ.டி.பி-யைச் சொல்லக் கூடாது. பணம் பறிபோனால், தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும்.

செலவைக் குறைக்க நினைக்கும் பல வீடுகளில், முதலில் ரீசார்ஜ் நிற்பது அம்மாவின் எண்ணுக்குத்தான். ‘அவங்களுக்கு யாரு போன் பண்ணப்போறா?’ என்பார்கள். ரேஷனும் பேங்க்கும் ஆதாரும் அந்த எண்ணில் இருந்தால், வீட்டில் கடைசியாக நிறுத்த வேண்டிய ரீசார்ஜ் அதுதான்.