சரக்கின் பெயரும் பௌதிக சாஸ்திரமும்

சரக்கு நல்லதாயிருந்தால் பெயர் தானே வந்து சேரும் என்பது நம் விவசாயிகளிற் பலருடைய எண்ணம். இது பாதி உண்மையே. ஒரு பெயர் எவ்வாறு நிலைபெறுகிறது, எவ்வாறு அழிகிறது என்பதைப் பௌதிக சாஸ்திர விதிகள் சிலவற்றால் தெளியலாம். அவை நாம் வயலிலும் தொழுவத்திலும் அன்றாடம் காண்பவையே.

முதலாவது, ஏர்க்கொழு. அதன் முனை கூராயிருப்பதால் மாடுகள் இழுக்கும் விசை சிறு இடத்திற் குவிந்து மண்ணைப் பிளக்கிறது. அவ்விசையே அகன்ற பரப்பில் பரவினால் மேல்மண்ணைச் சிராய்ப்பதோடு நின்றுவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றவுடன் வெளியூரார் பால்கோவாவை நினைப்பது, ஊரார் உழைப்பு அவ்வொரு பண்டத்திற் குவிந்ததன் பயனாம். அடுத்துள்ள ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழமும் தனிச் சுவையுடையதே. எனினும் அதனைப் பல ஜாதிப் பழங்களோடு ஒரே கூடையிற் கலந்து மண்டிக்கு அனுப்பினால், அதன் பெயர் அக்கூடையிலேயே மறைந்துபோம்.

இரண்டாவது, பாரவண்டி. நிற்பது நிற்கவும், ஓடுவது ஓடவுமே முயலும் என்பது நியூட்டன் 1687-ல் வெளியிட்ட விதி. ஆதலால் நின்ற வண்டியைக் கிளப்ப மாடுகள் பெரிதும் வருந்துகின்றன. ஓடத் தொடங்கியபின் சிறு முயற்சி போதும். தரம் பிரித்து, அளவு குறையாமல், ஒரே பெயரில் சரக்கை அனுப்பும் முதற் சில ஆண்டுகளில் செலவு மிகும், வரவு குறையும். அப்போது மனந்தளர்பவர் முதல் இழுப்பின் பயனையே இழப்பர். ஆனால் ஓடும் வண்டியையும் அச்சின் உராய்வு நிறுத்திவிடும். பெயருக்கு அவ்வுராய்வு யாதெனில், கலப்படம்.

இதனைக் கோவா காய்ச்சும் வாணலியிற் காணலாம். பசும்பாலில் நூற்றுக்குச் சுமார் 87 பங்கு நீரே. ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேற்ற 70 கலோரி வெப்பம் போதும். அதனை ஆவியாக்கவோ மேலும் 540 கலோரி வேண்டும். எனவே பாலிற் சேர்த்த தண்ணீர் விறகைத் தின்று ஆவியாகுமேயன்றிக் கோவாவாகாது. அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய ஒருவர் மாவைக் கலப்பாராயின், லாபம் அவருக்கு. அபகீர்த்தி ஊர் முழுவதற்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-ல் அதனைப் பெற்றது. இனிச் சட்டமே காக்கும் என்று சிலர் இருக்கக்கூடும். எமது அபிப்பிராயத்தில் பதிவு ஒரு வேலி மாத்திரமே. வேலி ஆட்டைத் தடுக்கும், பயிரை விளைவிக்காது. அவ்வேலியையும் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும்.

"கலப்பவர் வியாபாரி, பால் கறக்கும் எனக்கென்ன?" என்று கேட்பவரும் உளர். பண்டத்தின் பெயர் கெட்டால் வாங்குவோர் குறைவர். அதன்பின் பாலின் விலை தாழும். நஷ்டம் முடிவில் தொழுவத்திற்கே வந்து சேரும்.

ஆதலால் செய்யத்தக்கவை மூன்று. பால் உற்பத்தியாளர் பாலைச் சோதித்தே கொடுக்கவும் வாங்கவும் வேண்டும். பால் நீரைவிடச் சற்று அடர்த்தியுள்ளதாகையால், தண்ணீர் கலந்த பாலிற் பால்மானி அதிகம் அமிழும். கொழுப்பை எடுத்துவிட்டு நீர் சேர்க்கும் சூதை அது காட்டாதாகையால் கொழுப்புச் சோதனையும் அவசியம். மாந்தோப்புடையோர் ஜாதிவாரியாகப் பழம் பிரித்து, ஊர்ப்பெயரும் ஜாதிப்பெயரும் எழுதி அனுப்புக. கிராம அதிகாரிகள் உற்பத்தியாளரைக் கூட்டி, குறியீட்டைப் பயன்படுத்த உரிமையுள்ளோராகப் பதிந்துகொள்ளும் முறையை எடுத்துரைப்பாராக.

பெயர் ஊரின் பொதுச்சொத்து. ஊர்க் கண்மாயின் கரையை எவரும் தமக்கென வெட்டிக்கொள்ள விடோம். பெயரையும் அவ்வாறே காத்தல் நம் கடமை.