கேட்கிறவர் கையில்தான் ஆதாரம் இருக்கிறது



கல்வராயன் மலையில் உழுதுவரும் காட்டுக்கு உரிமை கேட்டு மனு கொடுத்தால், "பழைய ஆதாரம் ஏதாவது வெச்சிருக்கியா?" என்பதே முதல் கேள்வி. ஆதாரத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்று நாம்தான் திருப்பிக் கேட்க வேண்டும்.

சமவெளிக்கு ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இலேயே வந்துவிட்டது. மலையிலோ சடையகவுண்டன், ஆரியகவுண்டன், குறும்பகவுண்டன் ஜாகிர்கள் என்னும் பரம்பரை நில ஆட்சிகள் 1976 வரை நீடித்தன. ஏருக்கு வரி கட்டியதையும் கூலியில்லாமல் வெட்டி வேலை பார்த்ததையும் சொல்லப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜாகிர்தார் ரசீது போட்டா வரி வாங்கியிருப்பார்? எழுத்தில் இருப்பது அரசிடம்தான். ஜாகிர்களை எடுத்துக்கொண்ட ஆணைகள், நில அளவை மற்றும் நிலவரித் திட்டப் பதிவேடுகள், மக்கள் கொடுத்த மனுக்கள் என எல்லாமே அரசுக் கோப்புகள். அவற்றை மலையில் வைத்துப் பார்த்த ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. வெள்ளைக்கார அதிகாரி டபிள்யூ. பிரான்சிஸ் 1906இல் எழுதிய தென்னார்க்காடு கெசட்டியர் மட்டும் தேடினால் கிடைக்கிறது!

தென்னார்க்காடாக இருந்தவரை கடலூர், 1993க்குப் பிறகு விழுப்புரம், 2019 முதல் கள்ளக்குறிச்சி என்று மாவட்டத் தலைமையிடம் மாறிக்கொண்டே வந்தது. மலையின் இன்னொரு பகுதி சேலத்தில். பழைய கோப்புகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். மாவட்டம் பிரிக்கும்போது மேசை நாற்காலியை எண்ணிப் பிரிப்பார்கள். கோப்பு எங்கே போயிற்று என்று மலைமேல் உள்ள வெள்ளிமலை விவசாயி எத்தனை ஊருக்குப் பஸ் ஏறுவார்?

2006 வன உரிமைச் சட்டத்தின் விதிகள், ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியை எழுதி வாங்கினால் அதுவும் சான்றுதான் என்கின்றன. நடைமுறையில் காகிதத்துக்குத்தான் மதிப்பு. சாட்சி சொல்லக்கூடிய அந்தத் தலைமுறையோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியான பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, மருத்துவம் பற்றியெல்லாம் பேச்சு வந்தது. நல்லதுதான். ஆனால், அத்தனை உயிர் போன பிறகுதான் மலை நினைவுக்கு வரவேண்டுமா?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, கோப்புகளை அட்டவணையிட்டு வைக்கச் சொல்கிறது. 20 ஆண்டு கடந்த விவரங்களை மறுப்பதற்கான காரணங்களையும் 8(3) பிரிவு வெகுவாகச் சுருக்கிவிடுகிறது. 1976க்கு அரை நூற்றாண்டு ஆகிறது. எனவே ஜாகிர் ஒழிப்பு தொடர்பான ஆவணங்களைத் திரட்டி, ஆங்கிலத்தில் உள்ளவற்றைத் தமிழாக்கி, வெள்ளிமலை வட்டாட்சியர் அலுவலகத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி அரசு வைக்க வேண்டும். அதுவரை, பழைய காகிதம் இல்லையென்று ஒரு மனுவையும் தள்ளக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கச்சிராயபாளையம்