மந்தைவெளியும் மதிற்சுவரும்

இணையவழி விளையாட்டுகளைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் கற்றறிந்தோர் தவறாமல் ஓர் அறிவுரை வழங்குகின்றனர்: பிள்ளைகள் விளையாடுவதானால் தெரிந்தவர்களோடு மட்டும் விளையாடட்டும், முகமறியாதவர் நடமாடும் பொதுக்களம் வேண்டாம். கேட்க நியாயமாகவே ஒலிக்கிறது. ஆயினும் இவ்வறிவுரையை, குறிப்பாக நம் தமிழ்ச் சூழலில், நாம் மறுத்தாக வேண்டும்.

அறியாத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். பப்ஜி விளையாட்டின் புகழ்பெற்ற எராங்கெல் தீவு எட்டுக்கு எட்டு கிலோமீட்டர் பரப்புடையது. அதில் ஒரே வேளையில் 100 பேர் இறங்குகின்றனர். துணையின்றி வருபவனை மென்பொருளே முன்பின் அறியாத மூவரோடு ஓரணியில் சேர்த்துவிடும். இது பொதுக்களம். அறை எண்ணும் கடவுச்சொல்லும் வைத்து, அழைக்கப்பட்டோர் மட்டும் நுழையும்படி அமைத்துக்கொள்வது தனியறை. பிள்ளைகள் மொழியில், 'ரூம் போடுவது'.

தமிழ் கற்றோர்க்கு இது உடனே அகம், புறம் என்ற பிரிவை நினைவூட்டும். அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய மரபு. பெயரும் குடியும் புறத்துக்கு உரியவை. இணைய விளையாட்டு இதைத் தலைகீழாக்கிவிட்டது. அங்கே புறத்தில் நிற்பவனுக்குப் புனைபெயர் மட்டுமே உண்டு. ஊர், தெரு, குடி எதுவும் தெரியாது. தனியறையில்தான் எல்லோர்க்கும் எல்லாம் தெரியும். நம் வழக்கின் மையம் இதுவே.

தெரிந்தவர்கள் என்றால் யார்? நம் ஊர்களில் தெரிந்தவர் என்பது பெரும்பாலும் ஒரே தெருக்காரர். ஒரே தெருக்காரர் என்பது பெரும்பாலும் ஒரே சாதிக்காரர். பள்ளி மாணவர் கைகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் ஏறிய நாடு இது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்ட பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் அக்கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைக்க நேர்ந்தது. செஞ்சியை உள்ளடக்கிய இதே விழுப்புரம் மாவட்டத்தின் மேல்பாதியில், தலித் மக்கள் நுழைவதை எதிர்த்து எழுந்த பூசலால் 2023 ஜூனில் ஒரு கோயிலே பூட்டி முத்திரையிடப்பட்டது. இத்தகைய மண்ணில் 'தெரிந்தவரோடு மட்டும்' என்பது புதிய பாதுகாப்பு முறையன்று. மிகப் பழைய ஏற்பாடு. எவன் என்று தெரியாமலே ஒருவனுக்காகக் காத்து நிற்கவும், வீழ்ந்துகிடக்கும் அவனைக் கைதூக்கிவிடவும் ஒரு சிறுவன் பழகும் இடம் நம்மிடம் எத்தனை உள்ளன?

பொதுக்களத்தில் வசை உண்டே, பெண்குரல் கேட்டால் இழிமொழி பாய்கிறதே என்பார்கள். உண்மை, அதனைச் சிறிதாக்கிப் பேசுவது நம் நோக்கமன்று. ஆனால் தெருவில் இடர் இருப்பதால் பெண்கள் வீட்டுக்குள் இருக்கட்டும் என்ற பழைய தீர்ப்புக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இழிமொழி பேசுபவன் களத்தில் நிற்க, கேட்டவள் அறைக்குள் போக வேண்டுமா?

இச்சிக்கல் புதிதுமன்று. 1997இல் வெளிவந்த அல்டிமா ஆன்லைன் என்ற விளையாட்டின் பொது உலகில் கொலையும் கொள்ளையும் மலிந்தன. 2000இல் அதன் நிறுவனத்தார் உலகை இரண்டாக்கினர். ஒன்றில் பழைய முறை நீடித்தது. மற்றதில் ஒருவர் இசைவின்றி அவரைத் தாக்க முடியாது. வீரர்கள் பெருந்திரளாக இரண்டாவதற்குக் குடிபெயர்ந்தனர். தனியறைக்கு வாதிடுவோர் கவனிக்க: அவர்கள் சென்றதும் பொது உலகுக்கே. அங்கே காப்பளித்தது விதி, சுவரன்று.

ஆகவே விதியைக் கேட்போம். முறையீட்டுக்கு விரைந்த விடை, தமிழ் வசைகளையும் அறிந்த கண்காணிப்பு, தொடர்ந்து இழிவுசெய்வோர்க்கு வெளியேற்றம். இவற்றை நிறுவனங்களிடமும் அரசிடமும் வற்புறுத்திக் கேட்க வேண்டும். ஏனெனில் இம்மந்தைவெளி நம் பெயரில் பட்டா ஆனதன்று. 2020 செப்டம்பர் 2 அன்று நடுவணரசு பப்ஜி உட்பட 118 செயலிகளைத் தடைசெய்தது. பின்னர் 2021இல் அது வேறு பெயரில் மீண்டது, 2022இல் மறைந்தது, 2023இல் மறுபடி வந்தது. ஆடியவர்களை யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. பொதுக்களத்துக்காகப் பேச ஆளில்லாவிட்டால் இதுவே நேரும்.

செஞ்சிக்காரர்களான நமக்கு மதிலின் அருமை தெரியாததன்று. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படையைத் தடுத்து நின்ற கோட்டை இது. 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது. பகைவன் படையோடு வரும்போது மதில் வேண்டும். அடுத்த தெருப் பிள்ளை ஆட வரும்போது எதற்கு?