கோடை விடுமுறையில் யார் தார் சுற்றுவது?

முள்ளிப்பட்டில் சித்திரை, வைகாசி மாதங்களில் தறிக்கு ஓய்வு கிடையாது. முகூர்த்தச் சேலைக்கு முதலாளி நாள் குறித்துவிடுவார். அந்த நாளுக்குள் சேலை தறியிலிருந்து இறங்கியாக வேண்டும். பள்ளிக்கூடம் மூடுவதும் இதே நேரத்தில்தான். அதனால் கூலிக்கு நெய்யும் வீட்டுப் பிள்ளைக்கு மே மாதம் விடுமுறை இல்லை. ராட்டையின் முன்னால் உட்கார்ந்து தார் சுற்றும் மாதம் அது.

கடந்த கோடைக்கு முன்பு, 11ஆம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணின் தந்தை என்னைப் பார்க்க வந்தார். அரசுப் பள்ளி, அறிவியல் பிரிவு, நன்றாகப் படிக்கிற பிள்ளை. சென்னையில் ஒரு கல்லூரி வளாகத்தில் இரண்டு வாரம் தங்கிப் படிக்கும் முகாமுக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கட்டணம் இல்லை, தங்குமிடமும் சாப்பாடும் அவர்களுடையவை. "அண்ணா, அனுப்பலாம்னுதான் நெனைக்கிறேன். ஆனா முதலாளிகிட்ட முன்பணம் வாங்கியிருக்கேன். பதினஞ்சு நாளு பிள்ளை இல்லன்னா தார் யாரு சுத்துவா?" என்றார். பெண்பிள்ளையை வெளியூரில் தங்கவைக்கும் பயம் அவருக்கு இருந்தது. ஆனால் அதைப் பற்றிப் பேசி அவரைச் சமாதானப்படுத்த முடிந்தது. முன்பணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அவள் போகவில்லை.

இதில் சட்டமும் அந்தத் தந்தையின் பக்கம்தான் நிற்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையும் பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. 14 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்தான தொழில்களில் மட்டுமே தடை. குடும்பத் தொழில் என்று சொல்லிவிட்டால், முன்பணம் கொடுத்தவருக்காகச் செய்யும் வேலையும் அதற்குள் அடங்கிவிடுகிறது. விடுமுறை என்ற சொல்லைச் சட்டத்தில் எழுதியவர்கள், எந்த வீட்டுப் பிள்ளையின் விடுமுறையை நினைத்து எழுதினார்களோ தெரியவில்லை.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் கோடை வேறு மாதிரி. அரியானாவின் சோனிபட்டில் இருக்கும் அசோகா பல்கலைக்கழகம், லோதா அறக்கட்டளையுடன் சேர்ந்து, 9 முதல் 12ஆம் வகுப்பு வரை படிப்பவர்களை ஏறத்தாழ ஒரு மாதம் வளாகத்திலேயே தங்கவைத்துக் கணிதமும் அறிவியலும் சொல்லித் தருகிறது. இஸ்ரோ 2019இல் தொடங்கிய 'யுவிகா', 9ஆம் வகுப்பு மாணவர்களைக் கோடையில் இரண்டு வாரம் தன் மையங்களில் தங்கவைக்கிறது. ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2008 டிசம்பரில் தொடங்கிய 'இன்ஸ்பயர்' திட்டத்தில், 11ஆம் வகுப்பு அறிவியல் மாணவர்களுக்குக் கல்லூரி வளாகங்களில் 5 நாள் முகாம்கள் நடத்தப்பட்டன.

இவற்றில் நம் பிள்ளை எங்கே தடுக்கப்படுகிறாள் என்று பார்க்க வேண்டும். 'இன்ஸ்பயர்' முகாமுக்கு 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வில் முதல் 1 விழுக்காட்டுக்குள் வர வேண்டும். தமிழ்நாட்டில் அந்தத் தேர்வை எழுதுவோர் சுமார் 9 லட்சம் பேர். அவர்களில் முதல் 9,000 பேருக்குள் வருபவருக்கு அந்த முகாம் இல்லாமலே கல்லூரி கிடைத்துவிடும். 'யுவிகா' கிராமப்புறப் பள்ளி மாணவர்களுக்குத் தனி மதிப்பெண் தருகிறது. அது நல்லதுதான். ஆனால் அறிவியல் கண்காட்சி, ஒலிம்பியாட், சாரணர், விளையாட்டு என்று மற்ற மதிப்பெண்களும் இருக்கின்றன. ஒலிம்பியாட் என்ற சொல்லையே கேள்விப்படாத பள்ளிகள் ஆரணி ஒன்றியத்தில் எத்தனை என்று ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள். தனியார் முகாம்களுக்கு ஆங்கிலத்தில் தன்னைப் பற்றி எழுதி இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பள்ளியில் யாராவது ஒரு ஆசிரியர் அக்கறை எடுத்தால்தான் அது நடக்கும். ஏற்கெனவே ஏணியில் பாதி ஏறியவர்களுக்குத்தான் இவை கை கொடுக்கின்றன.

தமிழக அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் 12ஆம் வகுப்பு மாணவர்களைக் கல்லூரிகளுக்கு அழைத்துப் போகிறார்கள். அது ஒரு நாள் பயணம். காலையில் போய் ஆய்வகத்தையும் நூலகத்தையும் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிட வேண்டும். இரவு அங்கே தங்கி, விடுதிச் சாப்பாடு சாப்பிட்டு, புரியாத பாடத்தை மறுநாள் பேராசிரியரிடம் போய்க் கேட்டால்தான் கல்லூரி தனக்கும் உரிய இடம் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றும். பயிற்சி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. திருச்சி பச்சைமலைப் பகுதிப் பழங்குடி மாணவியர் 2024இல் ஜே.இ.இ. எழுதித் திருச்சி என்.ஐ.டி.யில் சேர்ந்தார்கள்.

அமெரிக்காவில் 1960களின் நடுவில், வறுமை ஒழிப்பு நடவடிக்கைகளின் பகுதியாக 'அப்வர்ட் பவுண்ட்' என்ற திட்டம் வந்தது. ஏழை வீடுகளிலிருந்தும், யாரும் கல்லூரிக்குப் போகாத வீடுகளிலிருந்தும் வரும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கோடையில் ஏறத்தாழ ஆறு வாரம் கல்லூரி வளாகத்தில் தங்கவைத்துப் படிக்க வைப்பது அதன் முக்கிய அங்கம். ஆஸ்கர் விருது பெற்ற கறுப்பின நடிகை வயோலா டேவிஸ் அதில் படித்தவர். அந்தத் திட்டத்தில் என்னைக் கவர்ந்தது ஒரு சிறு விதி. முகாமில் இருக்கும் மாணவருக்கு உதவித்தொகை தர அதில் இடம் இருக்கிறது. கோடையில் சம்பாதிக்க வேண்டிய பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்தால் அந்த வீட்டில் பணம் குறையும் என்பது அதை வகுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் ஊரில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்குச் சாப்பாடு, தங்குமிடச் செலவு 300 ரூபாய் என்று வைத்தால், 100 பேருக்கு 14 நாளுக்கு 4,20,000 ரூபாய் ஆகும். வீட்டில் குறையும் வேலைக்கு ஈடாக நாளொன்றுக்கு 200 ரூபாய் கொடுத்தால் 2,80,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து 7 லட்சம். இதற்குப் புதிய வரி போட வேண்டியதில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் 2024இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நம் மக்களுக்கென ஒதுக்கும் பணத்தை நம் மக்களுக்கே செலவழிக்க வேண்டும் என்பதற்காக வந்த சட்டம் அது. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் பட்டியல் சாதியினர். இடமும் இருக்கிறது. ஆரணி தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியும் செய்யாற்றில் அரசு கலைக் கல்லூரியும் உள்ளன. ஆதிதிராவிடர் நல விடுதிகளோ கோடையில் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றுக்கு 2025 ஜூலையில் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். பெயர்ப் பலகையோடு பூட்டையும் மாற்றினால் நல்லது.

முகாமில் தலித் பிள்ளைகளை மட்டும் சேர்க்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு நீதிபதி சந்துரு குழு அமைத்து அறிக்கையும் வாங்கினோம். ஒரே வகுப்பில் உட்கார்ந்தும் ஒருவர் தெரு மற்றவருக்குத் தெரியாமல் வளரும் பிள்ளைகள், 14 நாள் ஒரே அறையில் படுத்து ஒரே பந்தியில் சாப்பிடட்டும். பாதி இடம் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு, மீதி மற்ற ஏழைப் பிள்ளைகளுக்கு என்று வைக்கலாம். மதிப்பெண்ணை மட்டும் பார்த்து எடுக்கவும் கூடாது. பெற்றோரில் யாரும் 10ஆம் வகுப்பைத் தாண்டாத வீடா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சுவாமி சகஜானந்தர் 1890இல் பிறந்தது ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில். 1916இல் அவர் சிதம்பரத்தில் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகம், பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்க வைத்தது. தங்க இடமும் சோறும் கொடுக்காமல் படி என்று மட்டும் சொன்னால் நடக்காது என்பது நூறாண்டுகளுக்கு முன்பே நம் ஊர்க்காரருக்குத் தெரிந்திருந்தது.

மே 1 அன்று கிராமசபை கூடுகிறது. 7 லட்சம் ரூபாய்க் கணக்கை எழுதி, தச்சூரிலோ செய்யாற்றிலோ முகாம் வேண்டும் என்ற தீர்மானத்தை முள்ளிப்பட்டிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் கொண்டுவர நண்பர்கள் சிலர் முடிவு செய்திருக்கிறோம். உதவித்தொகை என்ற வரியை யாராவது அடிக்கச் சொல்வார்கள். அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். அந்த வரி இல்லையென்றால், போன ஆண்டு வராமல்போன பெண் இந்த ஆண்டும் வரமாட்டாள்.